பக்கத்துப் பற்றீரியாவுக்குள் நச்சுப்புரதம் எப்படிப் போகிறது?

கொக்குவில் ரீச்சர்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பற்றீரியாக்கள் ஒன்றையொன்று கொல்ல நச்சுப்புரதங்களைப் பாவிக்கின்றன என்று சொல்லிக்கொண்டு போகும்போது ஒரு பிள்ளை மறித்துக் கேட்டாள்: "ரீச்சர், கிராம் எதிர் பற்றீரியாவுக்கு வெளியில ஒரு மென்சவ்வு, உள்ளுக்க ஒரு மென்சவ்வு, நடுவில சுவர். குளுக்கோசு போறதுக்கே தனி வாசல் வேணும் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். அப்ப இவ்வளவு பெரிய புரதம் என்னெண்டு உள்ளுக்க போகும்?"

பெனிசிலின் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்குச் சொல்லும் விடை இதற்குப் பொருந்தாது. அதோடு எனக்கும் இரண்டு கேள்விகள் வந்துவிட்டன. வெளியே விட்ட புரதம் தண்ணீரில் கலந்து ஐதாகிப் போகாதா? அதைச் செய்கிற கலம் தானே ஏன் சாகவில்லை? இணையத்தில் பார்த்தால் ஊசி, ஈட்டி என்று படம் படமாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் எந்த மென்சவ்வை எது கடக்கிறது என்று ஒருவரும் நின்று சொல்வதாகத் தெரியவில்லை. இதில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்கோ, வகுப்பில் வைத்துச் சொல்லக்கூடிய மாதிரி.

தாவடியான்

வணக்கம் ரீச்சர். உங்கள் மாணவி கேட்டதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. முதுமாணிப் படிப்புக்கு நான் இதைச் சுற்றித்தான் வேலை செய்கிறேன், ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

ஒரே விடை இல்லை. வேறு வேறு பற்றீரியாக்கள் வேறு வேறு வழி கண்டிருக்கின்றன. ஆகப் பழையதாகத் தெரிந்தது கோலிசின், குடலில் வாழ்கிற ஈ. கோலை என்ற பற்றீரியா விடுகிற நச்சுப்புரதம். 1925இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் அந்திரே கிராசியா என்பவர், ஒரு ஈ. கோலை குலம் (ஒரே இனத்துக்குள் ஒரு வகை) இன்னொரு ஈ. கோலை குலத்தின் வளர்ச்சியை நிறுத்துவதைக் கண்டார். கோலிசினுக்கு இரண்டு கலங்களும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அது வெளியே பரவிப் போய்த்தான் ஆளைப் பிடிக்கும். உங்கள் மாணவிக்குச் சொல்ல நல்ல உதாரணம் கோலிசின் ஈ9. ஈ. கோலையின் வெளி மென்சவ்வில் விற்றமின் பி12 ஐப் பிடித்து உள்ளே எடுக்க ஒரு வாங்கி இருக்கிறது. கோலிசின் வந்து அந்த வாங்கியில் தொற்றிக்கொள்ளும். பிறகு ஒழுங்கான மடிப்பில்லாத தன் முனையைப் பக்கத்திலே இருக்கிற துளைப்புரதத்துக்குள்ளால் நுழைத்து, உள்ளே இரண்டு மென்சவ்வுகளுக்கும் இடையிலிருக்கிற ஒரு புரதத்தைப் போய்ப் பிடிக்கும். அதற்கு மேல் கோலிசினுக்குச் சொந்தச் சக்தி எதுவும் இல்லை. உள் மென்சவ்வின் இரு பக்கமும் இருக்கிற புரோத்தன் வித்தியாசத்தால் இலக்குக் கலம் தனக்கென்று வைத்திருக்கிற சக்தியே அதை உள்ளே இழுக்கிறது. யோசித்துப் பாருங்கோ, சாகப்போகிற கலம்தான் தன் சாவை இழுத்தெடுக்கிறது. உள்ளே போன ஈ9 டி.என்.ஏ.யை வெட்டும். அதன் உறவுக்காரன் ஈ3, இறைபோசோமில் இருக்கிற ஆர்.என்.ஏ.யில் ஒரே ஓர் இடத்தில்தான் வெட்டும், அந்த ஒரு வெட்டோடு அந்த இறைபோசோம் புரதம் செய்வதை விட்டுவிடும்.

ஆனால் செய்த கலத்திலிருந்து இது வெளியே வருகிற விதம் கொடுமையானது. கலம் உடைந்துதான் வரும். அதனால் ஒரு கூட்டத்தில் மிகச் சிறிய பங்கு கலங்கள்தான், அதுவும் டி.என்.ஏ. பழுதாகி நெருக்கடி வந்த நேரத்தில், இதைச் செய்து தாங்கள் செத்துப் போகின்றன. மிச்சக் கூட்டம் பிழைக்கும். நீங்கள் கேட்ட "ஐதாகிப் போகாதா" என்ற கேள்வி இங்கே முழுக்க நியாயமானது. வெளியே போனதில் பெரும்பகுதி வீண்தான்.

அந்த வீணைத் தவிர்க்கிற வழிதான் தொட்டுக் கொல்வது. 2005இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் டேவிட் லோவின் குழு, எலியின் குடலிலிருந்து எடுத்த ஓர் ஈ. கோலை குலம் பக்கத்திலுள்ள ஈ. கோலைகளைத் தொட்டாலே அவற்றின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று காட்டியது. இங்கே நச்சு வெளியே மிதப்பதில்லை. கலத்தின் மேற்பரப்பிலிருந்து நீண்ட ஒரு புரதம் நீட்டிக்கொண்டு நிற்கும், நச்சுப்பகுதி அதன் கடைசி முனையில் இருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் ஒன்று உண்டு. அந்தப் புரதம் பாதிதான் வெளியே வந்து நிற்கும். நச்சுப்பகுதி இன்னும் சொந்தக் கலத்தின் இரண்டு மென்சவ்வுகளுக்கும் இடையில்தான் காத்திருக்கும். எதிரியின் மேற்பரப்பிலுள்ள தனக்குரிய வாங்கியைத் தொட்டவுடனேதான் மீதி வெளியே வந்து, அப்படியே எதிரிக்குள் போகும். ஆள் கிடைக்காவிட்டால் செலவும் இல்லை.

மூன்றாவதுதான் நீங்கள் படத்தில் கண்ட ஈட்டி. ஆறாம் வகைச் சுரப்புத் தொகுதி என்று பெயர். 2006இல் ஹாவாட்டில் மெக்கலனோஸ் குழு, கொலராப் பற்றீரியா அமீபாக்களிடமிருந்து தப்புவது எப்படி என்று தேடப்போய் இதைக் கண்டது. அதே ஆண்டிலேயே சூடோமோனாஸ் எருஜினோசா என்ற இன்னொரு பற்றீரியாவிலும் கண்டார்கள். இது பற்றீரியாக்களுக்கு எதிராகவும் வேலை செய்கிறது என்று 2010இல்தான் தெளிவானது. அமைப்பைப் பார்த்தால், பற்றீரியாவைத் தாக்குகிற பேஜ் வைரசின் சுருங்கும் வாலைத் திருப்பி, கலத்துக்குள்ளே இருந்து வெளியே பார்க்க வைத்த மாதிரி இருக்கும். இரண்டுக்கும் ஒரே பூர்வீகம் என்பதற்குப் புரதங்களின் வடிவமே சாட்சி. உள்ளே ஒரு குழாய், ஆறு ஆறாகச் சேர்ந்த புரத வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது. அதன் நுனியில் மூன்று பிரதிகள் முறுக்கிய ஒரு கூர்ப்புரதம், அதன் தலையில் இன்னும் கூரான ஒரு சின்னத் தொப்பி. குழாயைச் சுற்றி ஓர் உறை. நச்சுப்புரதம் கூரிலோ தொப்பியிலோ ஒட்டியிருக்கும், அல்லது குழாய்க்குள் இருக்கும். உறை சுருங்கியதும் உள்ளே இருக்கிற குழாய் மீன் குத்தும் மண்டா மாதிரிப் பாய்ந்து, சொந்தக் கலத்தின் இரண்டு மென்சவ்வையும் தாண்டி, பக்கத்துக் கலத்தின் வெளி மென்சவ்வையும் குத்திக்கொண்டு போகும்.

2012இல் பசலர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் உறைக்கு ஒளிரும் புரதம் ஒட்டி உயிருள்ள கொலராப் பற்றீரியாவில் இதை நேரே பார்த்தார்கள். நுணுக்குக்காட்டியில் கலத்துக்குள் குறுக்காக ஒரு பச்சைக் கோடு மெல்ல வளரும், இருபது முப்பது செக்கனில் கலத்தின் மறு பக்கத்தைத் தொடும், சில நேரம் ஒரு மைக்ரோமீற்றரை நெருங்கும். பிறகு ஒரு கணத்தில் பாதி நீளமாகிவிடும். சுருங்குவதற்கு எடுக்கும் நேரம் இரண்டு மில்லிசெக்கன் அளவுதான். சுருங்கிய உறையை, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.யைச் செலவழித்துக் கழற்றி, அதே துண்டுகளைத் திரும்பவும் பாவிக்கும். யூடியூபில் இந்தக் காணொளிகள் இருக்கின்றன, கட்டாயம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. தானே ஏன் சாகவில்லை? ஏனென்றால் ஒவ்வொரு நச்சுப் பரம்பரையலகுக்குப் பக்கத்திலேயே அதை அடக்குகிற இன்னொரு புரதத்தின் பரம்பரையலகும் இருக்கும். தடைப்புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கோ. கோலிசின் ஈ9 உம் அதன் தடைப்புரதமும் ஒன்றையொன்று பிடிக்கிற பிடி, இரண்டு புரதங்களுக்கிடையே அளந்தவற்றில் மிக வலுவானவற்றில் ஒன்று. இதில்தான் விடயமே இருக்கிறது என்பது என் எண்ணம். பற்றீரியாவுக்குக் கண் இல்லை, ஆறாம் வகைத் தொகுதி எதிரி யார் உறவு யார் என்று பார்த்துக் குத்துவதில்லை, சொந்தச் சகோதரியையும் குத்தும். தடைப்புரதம் இருக்கிறவள் பிழைப்பாள், இல்லாதவள் சாவாள். உறவு என்பது அங்கே அவ்வளவுதான். வகுப்பில் ஈட்டியைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தால் தடைப்புரதத்துக்கும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கோ.

குருநகர் அலை

தாவடியான் வடிவாக எழுதியிருக்கிறார். கடல் பக்கத்தைச் சேர்க்கிறேன், நான் மீன்வளம் படித்தவன்.

கொலராப் பற்றீரியா என்றால் எல்லோரும் மனுசக் குடலையே நினைக்கிறார்கள். அது உண்மையில் களப்பிலும் கடலோர உவர்நீரிலும் வாழ்கிற உயிரி, இறால், நண்டு, சின்னச் சின்ன மிதவை உயிரிகளின், கைற்றின் என்ற பொருளாலான ஓட்டில் ஒட்டிப் பெருகும். கைற்றின் மேல் கூட்டமாக இருக்கிற நேரம்தான் பல குலங்களில் இந்த ஆறாம் வகைத் தொகுதி முடுக்கப்படுகிறது. ஏன் அந்த நேரம் என்பதற்கு 2015இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் மெலனி பிளோகெஷ் குழு அழகான விடை தந்தது. கைற்றின் மேல் வளரும்போது இதே பற்றீரியா வெளியிலுள்ள டி.என்.ஏ.யை உள்ளே எடுக்கிற ஆற்றலையும் பெறுகிறது. இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டுப் புரதம்தான் முடுக்குகிறது. அதாவது பக்கத்துக் கலத்தைக் குத்தி உடைக்கும், சிந்துகிற டி.என்.ஏ.யை எடுத்துத் தன் நிறமூர்த்தத்தில் சேர்க்கும். அதில் எதிரியின் நல்ல பரம்பரையலகுகளும் வந்து சேரலாம். கொலை செய்துவிட்டு வீட்டையும் எடுத்துக்கொள்வது.

பண்ணைப் பாலத்தடியில் இறால் தோல் குவிந்து கிடக்கிறதைக் காணும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவு வரும். கண்ணுக்குத் தெரியாமல் அந்த ஓட்டின் மேல் எத்தனை சண்டை நடக்கிறதோ.

உரும்பிராய்த் தோட்டம்

எனக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் புதிது. ஆனால் மிளகாய் வைக்கிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. பற்றீரியா வாடல் வந்தால் பாத்தி பாத்தியாகச் செடி பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிச் சாகிறது, அடித்த மருந்து ஒன்றும் கேட்பதில்லை. நல்ல பற்றீரியாவை விட்டுக் கெட்ட பற்றீரியாவைக் கொல்லலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். நீங்கள் சொல்கிற இந்த ஈட்டி முறைதானா அது? அப்படியென்றால் வாங்கித் தெளித்தால் போதுமா?

தாவடியான்

அண்ணை, நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்கிறேன். சந்தையில் விற்கிற உயிரியல் மருந்துகள் எல்லாம் இந்த முறையில் வேலை செய்வதில்லை. மிகப் பிரபலமான உதாரணம், ஒஸ்ரேலியாவின் அடிலெயிட்டில் அலன் கேர் கண்ட கே84 என்ற அக்ரோபக்ரீரியம் குலம். செடியில் கழலை உண்டாக்கும் தன் சொந்தக்காரனை அது கொல்லும், பல நாடுகளில் தோட்டக்காரர் பாவித்தார்கள். ஆனால் அது விடுவது புரதம் அல்ல, ஒரு சின்ன மூலக்கூறு. எதிரியே தன் உணவென்று நினைத்து அதை உள்ளே எடுக்கும். இன்னும் பல மருந்துகளில் உள்ள பற்றீரியாக்கள் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிகளை விடுகின்றன, சில வெறுமனே இரும்பைப் பிடித்து எதிரிக்கு இல்லாமல் செய்கின்றன.

ஈட்டி முறைக்கும் ஆதாரம் இருக்கிறது. சூடோமோனாஸ் புட்டிடா என்ற மண் பற்றீரியா ஒன்றை, செடிக்கு நோய் கொடுக்கிற சந்தோமோனாஸ் என்ற பற்றீரியாவோடு சேர்த்துப் புகையிலையின் உறவுச் செடி ஒன்றின் இலையில் விட்டுப் பார்த்தார்கள், 2017இல் வந்தது. ஆறாம் வகைத் தொகுதி உள்ள புட்டிடா இருந்த இலையில் நோய் குறைந்தது. அந்தத் தொகுதியை நீக்கிய புட்டிடா அவ்வளவு காக்கவில்லை. ஆனால் அது ஆய்வுகூடச் செடி, உங்கள் மிளகாய்ப் பாத்தி அல்ல. வாடலைக் கொடுக்கிற ரல்ஸ்ரோனியாவும் வேறு இனம், செடிக்குள்ளே தண்ணீர்க் குழாய்களில் போய் இருக்கிறது. அங்கே போய்ச் சேராத பற்றீரியா அதைத் தொட முடியாது.

தொட வேண்டும் என்பதுதான் இங்கே எல்லாம். ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்கிற பரிசோதனையைச் சொன்னால் விளங்கும். கொல்கிற குலத்தையும் சாகிற குலத்தையும் கலந்து அகார்த் தட்டில் ஒரு துளி வைத்து, சில மணித்தியாலம் விட்டு, அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்து, ஐதாக்கி, சாகிற குலம் மட்டும் வளரக்கூடிய நுண்ணுயிர்க்கொல்லித் தட்டில் பூசி எண்ணுவோம். ஈட்டி உள்ள குலத்தோடு இருந்த தட்டில் குடியேற்றங்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்திருக்கும். அதே கலவையைத் திரவத்தில் போட்டுக் குலுக்கி வளர்த்தால் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், கலங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்காததால். ஆகவே தெளித்துவிட்டுப் போவதில் பலன் குறைவு. நல்லது வேர் மேற்பரப்பில் முதலே குடியேறியிருக்க வேண்டும். அதனால்தான் விதையில் பூசுவது, நாற்றைப் பிடுங்கி நடுகிறபோது வேரைக் கரைசலில் நனைப்பது என்று செய்கிறார்கள். கெட்டது வந்து சேர்ந்த பிறகு ஊற்றினால் பிந்திவிட்டது. வாடல் கண்ட செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துவதும், அந்தப் பாத்தியில் மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் விட்டு வேறு பயிர் போடுவதும்தான் இப்போதைக்கு நம்பக்கூடியது.

உங்கள் வளவில் தேசிமரம் இருந்தால் இன்னொன்று. தேசிக்காயில் சொறி போடுகிற சந்தோமோனாசும் இந்தச் சண்டையில் பின்நிற்பதில்லை. அது பாவிப்பது ஈட்டி அல்ல, நான்காம் வகைச் சுரப்புத் தொகுதி என்ற வேறொன்று. பிரேசிலில் 2015இல் காட்டினார்கள். நோய்க்கிருமியிடமும் ஆயுதம் இருக்கிறது என்பதை மறந்து நல்ல பற்றீரியாவை விட்டால் அது தோற்றுப்போகும்.

கொக்குவில் ரீச்சர்

மிக்க நன்றி தம்பி, எல்லாம் குறித்துக்கொண்டேன். ஆனால் உங்கள் மூன்றாவது வழியில் ஓர் ஓட்டை இருக்கிறது. குழாய் எதிரியின் வெளி மென்சவ்வைக் குத்தினது சரி. உள் மென்சவ்வு? அதையும் குத்தினால்தானே நச்சு உள்ளே, டி.என்.ஏ. இருக்கிற இடத்துக்குப் போகும்? அடுத்தது, கிராம் நேர் பற்றீரியாவுக்குத் தடித்த சுவர், அவைகள் சண்டை பிடிப்பதே இல்லையா? எதிரிக்குத் தப்ப வேறு வழியும் இல்லையா?

தாவடியான்

ஓம் ரீச்சர், அந்த ஓட்டையில்தான் ஆராய்ச்சியாளர்களும் நிற்கிறார்கள். பல நச்சுகளுக்கு உள்ளே போகத் தேவையே இல்லை. சூடோமோனாஸ் எருஜினோசா விடுகிற முதல் நச்சுகளில் இரண்டு, இரண்டு மென்சவ்வுக்கும் இடையில் நின்றே பெப்ரிடோகிளைக்கன் சுவரை வெட்டுகின்றன, ஒன்று பெப்ரைட்டுப் பிணைப்பை, மற்றது சீனிச் சங்கிலியை. கோலாக இருந்த கலம் உருண்டையாகி உடைந்துவிடும். அந்த இடைவெளி வரைக்கும் குழாய் போனாலே காணும். சில நச்சுகள் மென்சவ்வின் இலிப்பிட்டையே கரைக்கும், அதற்கும் காணும்.

உள்ளே போக வேண்டிய நச்சுகளில் சிலவற்றுக்கு மென்சவ்வுக்குள் தன்னைச் செருகிக்கொள்கிற பகுதிகள் கூடவே இருக்கின்றன. பிரயாணத்தின்போது அந்தப் பகுதிகளைப் பொத்திவைக்க ஒரு துணைப்புரதமும் உண்டு. வெளி மென்சவ்வு வரை குழாய் கொண்டுபோகும், உள் மென்சவ்வை நச்சுத் தானே கடக்கும். அங்கே போய்ச் செய்கிற வேலைகள் பயங்கரம். 2019இல் கனடாவில் கண்ட ஒரு நச்சு, எதிரியின் ஏ.ரி.பி.யை வேறு ஒரு மூலக்கூறாக மாற்றிக் கலத்தையே சக்தியில்லாமல் செய்கிறது, ஒரு நொதிய மூலக்கூறு நிமிடத்துக்குச் சுமார் 180,000 மூலக்கூறுகளை மாற்றும். இன்னொன்று பேர்கோல்டேரியா என்ற பற்றீரியாவுடையது, இரட்டைச் சங்கிலி டி.என்.ஏ.யில் சைற்றோசினை யுராசிலாக மாற்றும். 2020இல் அதை இரண்டு துண்டாகப் பிரித்து, தனித்தனியே பாதிப்பில்லாத மாதிரி ஆக்கி, மனிதக் கலங்களின் இழைமணி டி.என்.ஏ.யில் எழுத்துத் திருத்தப் பாவித்தார்கள். இழைமணி டி.என்.ஏ.க்கு அதுவரை இப்படியொரு கருவி இருக்கவில்லை. சண்டைக்கு உண்டான புரதம் ஒரு நாள் பரம்பரை நோய்க்கு உதவக்கூடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ, நான் இதை வாசித்த அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை.

கிராம் நேர் பற்றீரியாக்களும் சண்டை பிடிக்கின்றன. அவற்றின் தடித்த சுவர் பல நேரம் இந்த ஈட்டியைத் தடுத்துவிடுகிறது, ஆனால் அவற்றுக்குள்ளே ஒன்றையொன்று தாக்க ஏழாம் வகைச் சுரப்புத் தொகுதி இருக்கிறது. வாயில் வாழ்கிற ஒரு ஸ்ரெப்ரோகொக்கசில் 2017இல் காட்டினார்கள், அங்கேயும் தொட்டால்தான் வேலை நடக்கிறது, அங்கேயும் ஒவ்வொரு நச்சுக்கும் தடைப்புரதம் உண்டு.

தப்புகிற வழிகளும் பல. கொலராப் பற்றீரியா தன்னைச் சுற்றிப் பல்சக்கரைட்டுப் படை போட்டுக் குத்தைத் தாங்கும். குடலில் வாழ்கிற பக்ரீரொயிடேசு சில, தாங்கள் செய்யாத நச்சுகளுக்கெதிரான தடைப்புரதங்களை மட்டும் வேறு குலங்களிடமிருந்து எடுத்துக் கொத்தாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. சூடோமோனாஸ் எருஜினோசா இன்னும் ஒரு படி மேல். அதற்குப் பக்கத்தில் ஈட்டி நீக்கிய கொலராப் பற்றீரியாவை விட்டால் ஒன்றும் செய்யாது. ஈட்டி உள்ளதை விட்டால், தான் குத்து வாங்கிய அதே இடத்திலிருந்து திருப்பிக் குத்தும். 2013இல் பார்த்தது.

அந்தத் திருப்பிக் குத்துகிற காணொளியையும் தேடி எடுத்து வையுங்கோ ரீச்சர். ஒரு கலத்தில் கோடு சுருங்கும், உடனே பக்கத்துக் கலத்தில் அந்தப் பக்கமாகவே இன்னொரு கோடு வளரத் தொடங்கும். உங்கள் மாணவிக்கு இதில் ஆர்வம் இருந்தால் எனக்குத் தனிமடல் போடச் சொல்லுங்கோ, கட்டுரைகளை எடுத்து அனுப்பிவிடுகிறேன்.